கோவிந்தசாமி துணை

போன மாதம் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது வழவழப்பான சுற்றுலாப் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தது. இருட்டிய பிறகு உலகத்தில் எங்கெங்கே என்னென்ன பார்க்கலாம் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருந்தார்கள். பனிநாட்டு வானத்தில் பச்சை வெளிச்சம், பாலைவனத்தில் படுத்தபடி நட்சத்திரம், ஏதோ ஒரு ஊரில் விடியவிடிய நடக்கும் சாப்பாட்டுக் கடைத்தெரு. எந்த மாதம் போனால் கூட்டம் குறைவு, எந்தச் செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது வரை எழுதியிருந்தார்கள். எல்லாம் சரி. தங்கியிருக்கிற இடத்தின் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. எழுதியவர்களுக்கு அது தோன்றியே இருக்காது. எனக்குப் பல்வலியோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

என்னை அப்படிப் பூட்டியிருக்கிறார்கள். அறுபதுகளில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். ஊர் ஊராகப் போய், புகையில்லாத அடுப்பு எப்படிக் கட்டுவது, கைக்குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று பெண்களுக்குச் சொல்லித் தருகிற வேலை. சில மாதங்களில் சிதம்பரத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு இருக்கும். அதற்கு அரசாங்கம் என்னை நம்பித் தனியாக அனுப்பியது. ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க எந்த லாட்ஜ்காரனும் என்னை நம்பவில்லை. முதல் தடவை போனபோது பஸ் வழியில் நின்றுபோய், ஊர் சேர மணி ஏழாகிவிட்டது. லாட்ஜில் கேட்டேன்.

“கூட யாரும்மா?”

“யாருமில்லை.”

“அப்ப ரூமும் இல்ல.”

அவன் முதுகுக்குப் பின்னால் பலகையில் பத்துப் பன்னிரண்டு சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த லாட்ஜிலும் இதே கேள்வி, இதே பதில். கடைசியில் ஒரு குதிரைவண்டிக்காரர்தான், “சத்திரத்துல ஒரு அம்மா இருக்குது, அது சேத்துக்கும்” என்று கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

சத்திரத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மேலவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. முன்கட்டு ஆண்களுக்கு, பின்கட்டு பெண்களுக்கு. முன்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான். ஆண்கள் கோயிலில் அர்த்தஜாம பூஜை பார்த்துவிட்டு வருவார்கள், இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வருவார்கள், வீதியில் நின்று வெற்றிலை மென்றுகொண்டு அரிசித் தட்டுப்பாட்டைப் பற்றி ஒரு மணி வரைக்கும் பேசிவிட்டு வருவார்கள். பின்கட்டில் ஒரு பலகை. ‘பெண்கள் பகுதி இரவு எட்டு மணிக்குப் பூட்டப்படும். ஆண் துணை இல்லாத பெண்களுக்கு இடமில்லை.’ காசிக்குப் போகிறவள், மகள் பிரசவத்துக்குப் போகிறவள், ஆஸ்பத்திரிக்கு வந்தவள், எல்லோரும் எட்டு மணிக்கு அடைபட வேண்டும். ஆட்டுக்கிடை போட்டவனாவது பக்கத்தில் படுத்திருப்பான்.

அந்தப் பூட்டின் சாவியை வைத்திருந்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். நடக்கும்போது இரண்டு முழங்கைகளும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், யாரோ வழி விடாமல் நிற்கிற மாதிரி. கரண்டிக் காம்பு நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்திருப்பாள். மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம், எழுதப் படிக்கத் தெரியாது. பின்கட்டுக் கதவை ஒட்டி வெளியே இருந்த சின்ன அறைதான் அவளுக்குச் சம்பளத்தோடு கொடுத்திருந்த வீடு. அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. தங்க வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. எழுபது வயதுக் கிழவிகூட அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

அன்றைக்கு அவள் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஒரு பெரிய நோட்டைத் தூக்கி முன்னால் போட்டாள்.

“படிச்ச புள்ளதான? நீயே எழுது.”

பெயர், ஊர், எங்கிருந்து எங்கே, எல்லாம் எழுதினேன். ‘துணை வந்த ஆண்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது.

“யாரும் வரலீங்களே.”

“கோவிந்தசாமின்னு எழுது.”

“யாருங்க அது?”

“எழுதுன்னா எழுது. ராத்திரிக்குப் படுக்கணுமா, வேணாமா?”

எழுதினேன். பிறகுதான் பார்த்தேன், முந்தின வரியிலும் கோவிந்தசாமி. அதற்கு மேலே ஒரு கல்லூரிப் பெண்ணின் அழகான கையெழுத்தில் கோவிந்தசாமி. இன்னொரு இடத்தில் யாரோ எழுத்துக்கூட்டித் தப்பும் தவறுமாகக் கோவிந்தசாமி. சத்திரத்தைச் சேர்ந்த யாரோ பெரியவர், தனியாக வருகிற பெண்களுக்கெல்லாம் பொறுப்பேற்றுக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

எட்டு மணிக்கு முன்கட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்தார். அவர் பார்க்க அக்கா வெளியிலிருந்து பூட்டினாள். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அரைமணி கழித்துப் பூட்டு மறுபடி சத்தம் போட்டது. கதவு திறந்தது. கையில் அரிக்கேன் விளக்கோடு அக்கா நின்றிருந்தாள்.

“யாரு யாரு வர்றீங்க?”

“எங்கக்கா?” என்றாள் ஒருத்தி.

“ஊரு பாக்க. இம்மாந்தூரம் வந்துட்டு செவுத்தப் பாத்துக்கிட்டா படுக்கப் போறீங்க?”

“பயமா இருக்குது.”

“பயமா இருந்தாலும் வா. பசியா இருந்தாலும் வா. தூக்கம்னா மட்டும் படு.”

ஐந்து பேர் கிளம்பினோம். வாசல்படி தாண்டியதும் விளக்கை ஊதி அணைத்தாள். வெளிச்சம் வேண்டாமா என்று கேட்டேன். “வெளக்கோட போனா ஊரு நம்மளப் பாக்கும். இல்லாமப் போனா நாம ஊரைப் பாக்கலாம்” என்றாள். விளக்கை வாசலிலேயே ஒரு மூலையில் வைத்துவிட்டு முழங்கையை அகட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்றைக்கு எங்களைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சிதம்பரத்தில் நான் பகலில் பார்த்த கோயில் வேறு, அது வேறு. கூட்டமில்லை. கல்தரையில் சூடு இறங்கியிருந்தது. சாமியின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரம் முன்னால் வாசித்துப் போக, பள்ளியறைக்கு எடுத்துப் போனார்கள். மணிச்சத்தத்தில் என் நெஞ்சு அதிர்ந்தது. நான் கும்பிட மறந்து நின்றேன். அக்கா என் காதோரம் குனிந்தாள்.

“பாத்தியா? சாமியே மணி பத்துக்குத்தான் வூட்டுக்குப் போவுது. நம்மள எட்டு மணிக்குப் பூட்டுறானுங்க.”

பூஜை நடக்கிற இடத்தில் இப்படிப் பேசலாமா என்று எனக்குப் பகீரென்றது. ஆனால் அவள் சாமியைக் கேலி செய்யவில்லை. கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அவளுக்குக் கோபமும் பக்தியும் சேர்ந்தே வரும்.

திரும்பி வந்ததும் யாரையும் உடனே படுக்க விடமாட்டாள். கிணற்றடியில் உட்கார வைத்து, “என்னா பாத்த?” என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பாள். நான், “ரொம்ப நல்லா இருந்திச்சிங்க” என்றேன். கோபம் வந்துவிட்டது.

“அது ஒரு பதிலா? என்னாத்தப் பாத்த, அதச் சொல்லு. பல்லக்கு தூக்கினவரு எத்தினி பேரு? மேளக்காரரு தலையில குடுமி இருந்திச்சா, கிராப்பா?”

எனக்குத் தெரியவில்லை. “படிச்சவ” என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கேட்கப் போனாள்.

இந்தக் கேள்வியின் காரணம் இரண்டாவது தடவை போனபோதுதான் தெரிந்தது. அவள் புருஷன் கூத்துப் பைத்தியமாம். சுற்றுவட்டாரத்தில் எங்கே தெருக்கூத்து நடந்தாலும் ராத்திரி கிளம்பிவிடுவான். கிளம்பும்போது இவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவான். பூட்டின வீட்டுக்குள் படுத்துக்கொண்டு தூரத்து மத்தளத்தைக் கேட்டே பதினாறு வருஷம் ஓட்டியிருக்கிறாள். விடிந்ததும் வந்து கதவைத் திறப்பவனிடம், என்ன கூத்து, என்ன வேஷம் என்று ஆசையாகக் கேட்பாளாம். “நல்லா இருந்திச்சி” என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துவிடுவானாம்.

“பூட்டிட்டுப் போனதக்கூட மன்னிச்சிடுவேன் கவர்மெண்டு. கதையக்கூட சொல்ல மாட்டான் பாரு, அதான் ஆறல” என்றாள். கவர்மெண்டு என்பது எனக்கு அவள் வைத்த பெயர்.

காய்ச்சலில் அவன் செத்த பிறகு, பிழைப்புக்கு அவளுக்குக் கிடைத்த வேலை பெண்களைப் பூட்டுகிற வேலை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. அவளுக்குக் கொதித்ததாகத் தெரியவில்லை. “சாவி நம்ம கையில இருக்குதில்ல?” என்று மட்டும் சொன்னாள்.

அவன் பெயரை நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

அவளோடு போவது எப்போதும் இன்பமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அதட்டுவாள். கால் வலிக்கிறது என்றால் காதில் வாங்க மாட்டாள். “அவுரு திட்டுவாரு” என்று யாராவது சொன்னால் போதும், கத்த ஆரம்பித்துவிடுவாள். “ராத்திரிய ஆம்பளைங்களுக்குப் பட்டா போட்டா குடுத்திருக்குது? எந்தத் தாசில்தாரு குடுத்தாரு? காட்டச் சொல்லு.” ஒரு தடவை கீழவீதியில் ஒரு போலீஸ்காரர், “எங்கம்மா கும்பலா?” என்று சைக்கிளை நிறுத்தினார். “நீங்க எங்க போறீங்க?” என்று திருப்பிக் கேட்டாள். “நான் டூட்டிம்மா.” “நாங்களும் டூட்டிதான், போங்க” என்றாள். எந்த நேரமும் யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு ஒரு நாளும் போகவில்லை.

மறுவருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம் நான் அங்கே இருந்தபோதுதான் சபியா வந்தாள். கடலூர் முதுநகர்க்காரி. புருஷன் பினாங்கிலிருந்து ஆறு வருஷம் கழித்துக் கப்பலில் நாகப்பட்டினம் வருகிறார் என்று, அண்ணனோடும் ஐந்து வயதுப் பையனோடும் ரயில் ஏறியிருக்கிறாள். வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் அண்ணன் தண்ணீர் பிடிக்க இறங்க, ரயில் கிளம்பிவிட்டது. இவள் அழுதுகொண்டே சிதம்பரத்தில் இறங்கிவிட்டாள். அதே குதிரைவண்டிக்காரர் கொண்டுவந்து விட்டார். அந்தச் சத்திரத்தின் சட்டத்தில் மதம் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். அக்காவுக்கு எழுதாதது எதுவும் தெரியாது. நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

“கவர்மெண்டு, நீ எழுது. சபியா பீவி. துணை கோவிந்தசாமி.”

ஒரு கணமாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் எழுதினேன்.

அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. எங்கே போகலாம் என்று அக்கா கேட்டதற்குச் சபியா, “எங்கயாச்சும் நடந்தாப் போதுங்கக்கா. ரயில்ல ஒக்காந்து ஒக்காந்து காலு மரத்துப் போச்சி” என்றாள். நாலு வீதியும் சுற்றினோம். தூங்குகிற பையனை அக்கா தோளில் போட்டுக்கொண்டாள். தீபாவளித் துணி என்று தையல்கடைகளில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பூக்காரர்கள் மறுநாளைக்குத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆட்டம் விட்ட கூட்டம் வீதி நிறைய வந்தது. சபியா நடுவீதியில் நின்றுவிட்டாள்.

“அல்லாவே, இந்நேரத்துக்கு இவ்ளோ ஜனமா? எல்லாரும் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்களா? நம்மள மட்டுந்தான் தூங்கச் சொல்லியிருக்காங்களா?”

தெற்கு வீதி முனையில் ஒரு பால்கடை. பெரிய இரும்புச்சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. அக்கா நாலு டம்ளர் கேட்டாள். கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “உள்ள வந்து மறைவா நின்னு குடிங்கம்மா” என்றார்.

“ஏன்? உன் பாலு என்ன திருட்டுப் பாலா?”

வெளியே நின்றுதான் குடித்தோம். ஏடு மிதக்க, உதடு சுட, பத்து ஆண்களுக்கு நடுவில் நின்று குடித்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ குடித்திருக்கிறேன். அந்தப் பாலுக்கு எதுவும் இணையில்லை. கிணற்றடியில் வழக்கமான கேள்வி வந்தபோது சபியா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “தையக்காரரு ஒருத்தரு வாயில ஊசிய வச்சிக்கிட்டே பாடினாரு. பாட்டு வந்திச்சி, ஊசி உளுவல.” அக்கா கையைத் தட்டினாள். “இதான். இதான் பாத்தது” என்றாள்.

அடுத்த வருஷம் சத்திரத்துத் தர்மகர்த்தா அந்த நோட்டைப் புரட்டியிருக்கிறார். அவருக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. எத்தனையோ கோவிந்தசாமிகளைத் தாண்டிப் போன கண், சபியா பீவிக்கு நேரே இருந்த கோவிந்தசாமியில் நின்றுவிட்டது. பிறகு பின்னோக்கிப் புரட்டினார். ஒரே ஆள், நாலு வருஷத்தில், இருநூறு பெண்களுக்கு மேல் கொண்டுவந்து தங்க வைத்திருக்கிறான். யாரும் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கவில்லை. ராத்திரியில் கதவு திறந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர் மனதில் என்ன கணக்கு ஓடியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் வாயில் அக்காவுக்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் எழுத மாட்டேன்.

எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. யாரையோ பிடித்து எழுதியிருந்தாள். ‘கவர்மெண்டுக்கு. அய்யா மஞ்சக்குப்பத்தில் விசாரிக்கிறார். நல்ல குடும்பத்துப் பொண்ணு ஒண்ணு வந்து நாங்க என்ன செஞ்சோம்னு சொன்னா வேலையில வச்சிக்கிறேன்னு வாக்கு குடுத்திருக்கார். பன்னண்டு பேருக்கு கார்டு போட்டிருக்கேன். நீ வந்தாப் போதும்.’

பன்னிரண்டு பேர். நோட்டிலிருந்து விலாசம் எடுத்துப் போட்ட பன்னிரண்டு கார்டுகள். அந்தக் கல்லூரிப் பெண் வரவில்லை. கிணற்றடியில் அக்கா மடியில் படுத்து அழுத, பிரசவத்துக்குப் போன தாய் வரவில்லை. ஒருத்தியின் புருஷன், இனி இந்த விலாசத்துக்கு எழுதினால் போலீசுக்குப் போவேன் என்று பதில் போட்டிருந்தான். ஒரு ஊரையே இலவசமாகக் காட்டியவளுக்காக ஒரு வார்த்தை செலவழிக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷமாக அவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் போனேன். தனியாகப் போகவில்லை. அப்போது எனக்கு நெல்லிக்குப்பத்தில் ஒரு சம்பந்தம் பேசி, நிச்சயம் வரைக்கும் வந்திருந்தது. அண்ணன், “நான் கூட வரேன்” என்றார். அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நாலு மணி. தர்மகர்த்தா வீட்டுக் கூடம். அவர் மெதுவாகப் பேசினார். எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சபியா வந்திருந்தாள், தலை முக்காட்டோடு. பன்னிரண்டில் வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவள் புருஷன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, “உள்ளதச் சொல்லு, வேற ஒண்ணுமில்ல” என்று அவளை அனுப்பிவைத்தார்.

“யாரு இந்தக் கோவிந்தசாமி?” என்று தர்மகர்த்தா ஆரம்பித்தார்.

“எம் புருஷன்” என்றாள் அக்கா.

“எங்க அவன்? வரச் சொல்லு.”

“செத்துப் பத்து வருஷம் ஆவுது.”

எழுதிக்கொண்டிருந்த சத்திரத்து ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“செத்தவன் இருநூறு பொம்பளைக்குத் தொணையா வந்தானா?”

“நீங்கதான ஆம்பள பேரு ஒண்ணு வேணும்னீங்க. உசுரோட இருக்கணும்னு சொல்லலியே. இருந்த வரைக்கும் அந்த மனுசன் ஒருத்திக்கும் தொணையா இருந்தது கெடையாது. செத்தப்பறமாச்சும் நாலு பேருக்கு ஒதவட்டும்னு எழுதச் சொன்னேன்.”

அண்ணன் வந்த சிரிப்பை இருமலாக மாற்றினார். தர்மகர்த்தா சிரிக்கவில்லை.

“பேரு எழுதினத நான் உட்டுடறேன். ராத்திரியில பொம்பளைங்கள எங்க கூட்டிக்கிட்டுப் போன?”

“கோயிலுக்கு. பால்கடைக்கு. ஊரைச் சுத்தி.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னா இருக்குது சிதம்பரத்துல?”

சபியாவைக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். “ஆமாங்க, போனேன். நாலு வீதி சுத்தினோம். பாலு குடிச்சோம். எம் புள்ளய அவுங்கதான் தூக்கிக்கிட்டு வந்தாங்க. என் கூடப் பொறந்தவன் ரயிலத் தவற உட்ட ராத்திரி அது. இவுங்க மட்டும் இல்லாட்டி நான் என்னா ஆயிருப்பேனோ.”

தர்மகர்த்தா தலையை ஆட்டினார். “உங்க பேச்சை நான் தப்புன்னு சொல்லலம்மா. ஆனா நம்ம சத்திரத்துல நீங்க தங்கினதே சரியில்ல. அதனால உங்க சாட்சிய நான் எடுத்துக்க முடியாது.” இப்படி ஒரு நியாயம். உலகத்தில் இருக்கிற நல்ல வார்த்தைகளை எல்லாம் போட்டுப் பேசி, உண்மையைச் சொன்ன ஒருத்தியை ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார். அப்போது என் பக்கம் திரும்பினார்.

“உத்தியோகம் பாக்கற பொண்ணு. அண்ணனே கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. நீ சொன்னா நான் கேட்டுக்கறேன். நீயும் ராத்திரியில இந்தம்மா கூட வெளிய போயிருக்கியா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தார். கூடத்து மூலையில் இருந்த ரைட்டருக்கு நெல்லிக்குப்பத்தில் உறவு என்று வரும் வழியில் அண்ணன் சொல்லியிருந்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன்.

“இல்லீங்க” என்றேன். “நான் எட்டு மணிக்கே படுத்துடுவேன்.”

சபியா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை. அவள் தர்மகர்த்தாவையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“ஆமாங்க. அது வராது. கூப்பிட்டாலும் வராது. படுத்தா எழுந்திருக்காது. நல்ல பொண்ணு.”

“அப்ப நல்ல பொண்ணுங்க உள்ளதான் இருந்திருக்காங்க” என்றார் தர்மகர்த்தா. “வெளிய போனவங்க வேற மாதிரின்னு ஆவுது.”

அக்கா பதில் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவள் பதில் சொல்லாமல் விட்ட ஒரே பேச்சு அதுவாகத்தான் இருக்கும். பதில் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன்.

சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வருஷக்கணக்கில் இறுகிப்போன முடிச்சு, அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்துப் பார்த்தாள். நேரம் ஆயிற்று. யாரும் உதவிக்கு எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கயிற்றோடு உருவி மேஜைமேல் வைத்தாள்.

சத்திரத்துப் பின்கட்டில் அதற்கப்புறம் பெண்களைச் சேர்க்கவில்லை. அரிசி மூட்டை அடுக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். நெல்லிக்குப்பத்துக்காரர்கள் மூன்று மாதம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று அவர்களாகவே விலகிக்கொண்டார்கள். தர்மகர்த்தாவின்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. லாட்ஜ்காரர்கள்மேல் இருக்கிறது. வராத பத்துப் பேர்மேலும் இருக்கிறது. ஆனால் அவர்கள் வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். வந்து உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான். இத்தனை வருஷமாக மற்றவர்களைத் திட்டுவதெல்லாம் எனக்கு முறை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் என்று சில ராத்திரிகளில் தோன்றுகிறது.

நாங்கள் வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சபியாவின் புருஷன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எங்க வூட்டுக்கு வாங்கக்கா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்று சபியா அவள் கையைப் பிடித்தாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை. அது நியாயம்தான். கெடிலம் ஆற்றுப் பாலத்துப் பக்கம் மூன்று பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நாலு எட்டு போன அக்கா திரும்பி என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று நினைத்தேன். அவள் என் தோளில் சரிந்திருந்த முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

“இருட்டிடுச்சி பாரு” என்றாள். “அண்ணன உட்டு வெலகாம, பத்திரமாப் போ.”

குத்திச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது, நேராகத் திட்டத்தான் தெரியும். அக்கறையாகத்தான் சொன்னாள். என்னைப் போன்றவளுக்கு இனி அதுதான் சரி என்று முடிவு செய்துவிட்டாள்.

நான் அண்ணன் பின்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.